மூன்று முறை ஒலிக்கும் சங்கு: அர்ஜென்டினா தேசியப் பூங்காக்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

அர்ஜென்டினா தேசியப் பூங்காக்கள் நிர்வாகத்தின் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாட்டின் தெற்கே, நஹுவேல் ஹுவாப்பி ஏரியில் புவேர்த்தோ பிளெஸ்ட் என்னும் துறை நோக்கிச் செல்லும் படகு, சென்டினெலா என்னும் சிறு தீவைக் கடக்கையில் மூன்று முறை சங்கை ஒலிக்கிறது. 1944-ஆம் ஆண்டு முதல் அத்தீவில் துயிலும் பிரான்சிஸ்கோ மொரேனோவுக்குச் செலுத்தப்படும் வணக்கம் அது. அப்படகில் வந்த பயணிகளில் நானும் ஒருவன். அந்த ஒலி கேட்டு எழுந்து நின்றேன். மீண்டும் வந்தாலும் எழுந்து நிற்பேன். ஆகவே அந்த வணக்கத்தை நிறுத்தும்படி கேட்க இம்மடலை எழுதவில்லை. மொரேனோவின் கதை சொல்லப்படும் இடத்தில் இன்னொருவர் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். அவர் பெயர் இனாகயால்.

மொரேனோ செய்ததன் அருமையை நான் அறியாதவன் அல்லன். 1852-இல் புவனோஸ் ஐரிஸில் பிறந்த அவர், 1876 ஜனவரி 22 அன்று, இருபத்து மூன்று வயதில், அட்லாண்டிக் கரைப் பக்கமிருந்து பயணம் செய்து இந்த ஏரியை வந்தடைந்தார். 1880-இல் சாய்வேக்கே என்ற பழங்குடித் தலைவரின் கூடாரங்களில் சிறைப்பட்டு, இரவில் தப்பி, தெப்பம் கட்டி ஆற்றோடு போய் உயிர் பிழைத்தார். பிற்காலத்தில் சிலியுடனான எல்லைத் தகராறில் அர்ஜென்டினாவின் நிபுணராக அமர்ந்து பணியாற்றியதால், நிபுணர் என்று பொருள்படும் 'பெரித்தோ' என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சேவைக்குக் கைம்மாறாக 1903-இல் அரசு அவருக்கு நிலம் வழங்கியது. அதே ஆண்டு நவம்பர் 6 அன்று அவர் ஒரு கடிதம் எழுதி, அந்த நிலத்தில் ஏரியின் மேற்குக் கோடியில் உள்ள மூன்று சதுர லீக் பரப்பை, அதாவது சுமார் 7,500 ஹெக்டேரை, இயற்கைப் பூங்காவாக என்றென்றும் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்.

ஏரி அமைந்த தென்பகுதியான படகோனியாவின் நிலம் ஆயிரக்கணக்கான ஹெக்டேர்களாகப் பெருநிலக்காரர்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் தனக்குக் கிடைத்ததிலும் மிக அழகான பகுதியை ஒருவர் விட்டுக்கொடுத்தார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த விதையிலிருந்தே 1922-இன் தெற்குத் தேசியப் பூங்காவும், 1934-இன் சட்டத்தால் அமைந்த நஹுவேல் ஹுவாப்பி தேசியப் பூங்காவும் வளர்ந்தன. இன்று அதன் பரப்பு ஏழு லட்சம் ஹெக்டேருக்கு மேல். கொடுத்தவரோ 1919-இல் வறுமையில் இறந்தார்.

ஆனால் இந்த நிலத்தை மொரேனோ தனியாகக் கண்டறிந்துவிடவில்லை. ஏரிக்கு நஹுவேல் ஹுவாப்பி, புலித்தீவு, என்று பெயரிட்டவர்கள் அவருக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள். 'புலி' என்று அவர்கள் சொன்னது ஜாகுவாரை. எந்தக் கணவாய் எங்கே திறக்கிறது, எந்த ஆற்றை எந்தப் பருவத்தில் கடக்கலாம் என்பதெல்லாம் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவை. அவர்களுள் ஒருவரான இனாகயால், ஏரிக்குத் தெற்கே தெக்கா என்னும் ஊர் வரை பரந்த நிலத்தில் தம் மக்களோடு வாழ்ந்த தலைவர். தம் கூடாரத்துக்கு வந்த மொரேனோவை விருந்தினராக ஏற்று உணவும் பாதுகாப்பும் கொடுத்தவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எங்கள் மொழியில் குழந்தைக்கும் தெரிந்த சொல். இந்தப் பூங்காவின் வரலாற்றில் உப்பிட்டவர் இனாகயால்.

அவருக்கு நேர்ந்தது உங்களுக்குத் தெரியாததன்று. 'பாலைவனப் படையெடுப்பு' என்ற பெயரில் அர்ஜென்டினா அரசு பழங்குடி மக்கள் மீது தொடங்கிய போரின் இறுதிக் கட்டத்தில், 1884-இல், பேச்சுவார்த்தைக்குச் சென்ற இடத்தில் அவரும் ஃபொயெல் என்ற தலைவரும் தங்கள் மக்களோடு பிடிக்கப்பட்டார்கள். 1886-இல் மொரேனோ முயன்று அவர்களைப் படைமுகாம் சிறையிலிருந்து மீட்டுத் தாம் நிறுவிய லா பிளாட்டா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். பழைய விருந்தோம்பலை அவர் மறக்கவில்லை என்பதற்கு இது சான்று. இதையும் சேர்த்துத்தான் கதையைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அங்கே அவர்கள் வேலையாட்களாகவும், அளந்து பார்க்கப்படும் ஆய்வுப் பொருளாகவும் வாழ நேர்ந்தது. ஃபொயெல் தெற்கே திரும்ப முடிந்தது. அவருடைய மகள் மார்கரிட்டா அருங்காட்சியகத்திலேயே இறந்தார். இனாகயாலின் மனைவியும் அங்கேயே இறந்தார். 1888 செப்டம்பரில் இனாகயாலும் போனார். அவரைப் புதைக்கவில்லை. எலும்புகள் அதே கட்டடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவை தெக்காவின் மண்ணுக்குத் திரும்பியது 1994-இல். அவருடைய மூளையும் உச்சித்தோலும் இன்னும் அருங்காட்சியகத்திலேயே இருப்பது பின்னர் தெரியவந்து, அவை 2014-இல்தான் அவர் மனைவியின் எச்சங்களோடும் மார்கரிட்டாவின் எச்சங்களோடும் ஊர் சேர்ந்தன. ஒரு மனிதரை அடக்கம் செய்ய நூற்று இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

இவ்வளவையும் அறிந்தபின் 1903-ஆம் ஆண்டுக் கடிதத்தை மீண்டும் படித்தேன். இன்றைய தலைமுறைக்கும் வரும் தலைமுறைக்கும் இந்த அழகு கேடின்றி நிலைக்க வேண்டும் என்று அதில் மொரேனோ வேண்டுகிறார். நிலத்தின் தோற்றம் மாறக்கூடாது, 'பண்பட்ட பயணி'யின் வசதிக்குத் தேவையானவை தவிர வேறு கட்டுமானம் கூடாது என்றும் கேட்கிறார். நூறாண்டுக்கு முன் எழுதிய ஒருவரிடம் காணக் கிடைக்கும் அரிய தொலைநோக்கு அது. ஆனால் அவர் கண்ட எதிர்காலத்தில் பயணி இருக்கிறான், நிலத்துக்குரியவன் இல்லை. அரசு அவருக்கு வழங்கிய அந்த நிலம், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை இனாகயாலையும் சாய்வேக்கேயையும் போன்றோர் எவரிடமும் அனுமதி கேட்காமல் நடமாடிய நாட்டின் ஒரு பகுதி. கொடை பெருங்கொடைதான், அது யாரிடமிருந்து பறிக்கப்பட்டு அவர் கைக்கு வந்தது என்பதும் அந்தக் கொடையின் வரலாறே.

நான் சென்ற படகில் வழிகாட்டியாக இருந்த இளைஞர் தெப்பத்தில் தப்பிய கதையை அழகாகச் சொன்னார். கொடையைப் பற்றி நெகிழ்ந்து பேசினார். இனாகயாலின் பெயரை அவர் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குக் குறையில்லை, அவருக்குக் கற்றுத்தரப்பட்ட கதை அவ்வளவே. நான் அந்தப் பெயரை அறிந்ததே ஊர் திரும்பிப் படித்தபோதுதான். அதன் பிறகு அந்தச் சங்கொலியை நினைக்கும்போதெல்லாம் அரைக்கதைக்கு எழுந்து நின்றோமே என்ற உறுத்தல் எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது.

அருங்காட்சியகம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உரியது, எங்கள் பொறுப்பில் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மை. ஆனால் ஏரியில் சொல்லப்படும் கதை உங்கள் பொறுப்பில் இருக்கிறது. படகுகளுக்கு உரிமம் தருபவர்களும், வழிகாட்டிகளுக்கு அனுமதி வழங்குபவர்களும், பூங்காவுக்குள் அறிவிப்புப் பலகை நடுபவர்களும் நீங்கள். மொரேனோவின் கடிதம் எழுதப்பட்ட நவம்பர் 6-ஐ தேசியப் பூங்காக்கள் நாளாகக் கொண்டாடுபவர்களும் நீங்களே. அந்த நாளின் உரையிலும், சென்டினெலா தீவைக் கடக்கும் படகிலும், புவேர்த்தோ பிளெஸ்டின் கரையிலும் மொரேனோவின் பெயரோடு இனாகயாலின் பெயரும், அவர் விருந்தளித்ததும், பின் அவருக்கு நேர்ந்ததும் சொல்லப்பட வேண்டும் என்று வேண்டுகிறேன். அந்த வாசகத்தை அலுவலகத்தில் அமர்ந்து யாரும் எழுத வேண்டாம். அவர் எலும்புகளைக் கேட்டுக் கேட்டுப் பெற்று அடக்கம் செய்தவர்கள் தெக்காவில் இருக்கிறார்கள். மாப்புச்சே என்னும் பழங்குடிச் சமூகங்கள் இன்றும் ஏரியைச் சுற்றி வாழ்கின்றன. என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவர்களிடம் கேளுங்கள். அடுத்த நவம்பர் 6-க்குள் அந்தப் பேச்சையாவது தொடங்குவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏரியில் ஒரு நாள் பயணம் செய்த தமிழர் ஒருவர்