சனிக்கிழமை விளையாட்டு: 12 முகப் பகடை இரண்டு தேவை

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை உப்புவெளியில் நாலு பேர் கூடி டாகர்ஹார்ட் விளையாடிப் பார்த்தோம், ஆளுக்கொரு கதாபாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டு, 2025 மே மாதம் வந்தது. இந்த வகை விளையாட்டில் பலரும் பழகின 20 முகப் பகடைக்குப் பதிலாக 12 முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்ட வேண்டும், ஒன்று நம்பிக்கை, மற்றது பயம். பயம் பெரிதாக விழுந்தால், நினைத்த காரியம் வென்றாலும், கதை நடத்துபவர் கையில் ஒரு பயப் புள்ளி சேர்ந்துவிடும், அப்புறம் அதை வைத்தே நம்மைப் படுத்துவார். சண்டையில் யார் முதல் என்ற வரிசையே இல்லை. எனக்குப் பிடித்தது, ஆனால் வாய் கூடினவர்கள் (யாரென்று சொல்லத் தேவையில்லை) மற்றவர்களை விடமாட்டார்கள்.

வரும் சனி, பின்னேரம் 3.30, அதே வீடு.

1. பகடைகள் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் ஃபோனில் உருட்டுங்கள், சரி.
2. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். பாத்திரம் உருவாக்கும் பகுதியையாவது வாசித்து வாருங்கள், போன முறை அதற்கே ஒரு மணித்தியாலம் போனது.
3. ஐந்து பேருக்குத்தான் இடம்.
4. வடை நான். தேத்தண்ணி யார்?

வியாழன் இரவுக்குள் பெயரைப் போடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் எடுக்கமாட்டேன்.