படகில் உட்கார்ந்திருந்தவன்

தஞ்சாவூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் பழைய படங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் பார்த்த கையோடு நீ எழுதியிருக்கும் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நம்பியாருக்கும் வீரப்பாவுக்கும் பிறகு தமிழில் உண்மையான வில்லனே வரவில்லை, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் தோற்றுப்போகும் கதாநாயகர்கள்தாம் என்கிறாய். பின்பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். முன்பாதி தவறு.

என் அத்தையை உனக்கு நினைவிருக்கும். டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, நம்பியார் கைகளைப் பிசைந்துகொண்டு கடைக்கண்ணால் பார்க்கத் தொடங்கியதுமே, முன்னால் கிடக்கும் மணலை வாரித் திரையை நோக்கித் தூற்றிச் சாபம் கொடுப்பார். படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் வெற்றிலையை மென்றபடி அவ்வளவு நிறைவோடு நடப்பார். அன்று இரவு அவருக்கு நல்ல தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். நம்பியாரும் வீரப்பாவும் தாங்கள் கெட்டவர்கள் என்பதை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தார்கள். வீரப்பாவின் சிரிப்பு அவர் வருவதற்கு முன்பே வந்து எச்சரிக்கை செய்துவிடும். கதாநாயகிக்குத் தெரியாதது தரை டிக்கெட்டுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த தீமையிடம் பயம் இருக்கலாம், ஆனால் அது வீடுவரை கூட வருவதில்லை. (நம்பியார் உண்மையில் சைவ உணவுக்காரர், ஆண்டுதோறும் சபரிமலைக்குப் பலரை அழைத்துச் செல்லும் குருசாமி என்று நான் சொன்னபோது அத்தை நம்பவே இல்லை. ‘அதுவும் நடிப்பாக இருக்கும்’ என்று முடித்துவிட்டார்.)

வீடுவரை கூட வந்தவன் வேறொருவன். 1976இல் நாம் இருவரும் சேர்ந்து ‘மூன்று முடிச்சு’ பார்த்தோம். ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு நண்பர்கள் ஒரே பெண்ணை விரும்பும் கதையை, ஒரே அறையில் தங்கியிருந்த நாம் இருவரும் போய்ப் பார்த்தோம் என்று அந்த நாட்களில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். படகில் போகும்போது கமல் தண்ணீரில் தவறி விழுகிறான். நீச்சல் தெரிந்த ரஜினி தெரியாதவனைப் போல உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பெண் கதறக் கதற, அமைதியாகத் துடுப்பை வலித்தபடி, செத்துக்கொண்டிருப்பவன் பாதியில் விட்ட பாட்டை எடுத்துப் பாடுகிறான். அவன் கத்தியை எடுக்கவில்லை, யாரையும் தள்ளிவிடவில்லை, காப்பாற்ற ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. கொட்டகையில் யாரும் மண்ணை வாரவில்லை, திட்டவும் இல்லை. இடைவேளையில் நீ சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாய்.

அந்தப் படகு என்னை விடாமல் துரத்துவதற்கு ஒரு காரணம் உண்டு, அதை உன்னிடம் இதுவரை எழுதியதில்லை. எனக்கு வேலை கிடைத்த முதல் அலுவலகத்தில் ரொக்கப் பெட்டியில் நானூறு ரூபாய் குறைந்தது. பழி கடைநிலை ஊழியர் ஒருவர் மீது விழுந்து, அவர் வேலையை இழந்தார். எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை, கேட்காததால் நானும் சொல்லவில்லை. அந்த மனிதர் கடைசி நாளில் எல்லாருடைய மேசைக்கும் வந்து விடைபெற்றபோது, என் மேசைக்கும் வந்தார். நான் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினேன், அவ்வளவுதான். துடுப்பின் கனம் எனக்குத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இருந்தும், அந்தப் பாத்திரம் முழுத் தீமைக்கு ஒரு படி கீழேயே நின்றுவிடுகிறது என்பது என் கணிப்பு. படத்தை இயக்கிய பாலசந்தர் அவனுடைய மனசாட்சிக்கு ஒரு தனி நடிகரையே நியமித்து அவனோடு பேச வைத்துவிட்டார். மனசாட்சி எதிரில் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும் அளவுக்கு ஒருவனிடம் அது மிச்சமிருந்தால், அவன் மீட்கப்படக் கூடியவன் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. படகுக் காட்சியில் அவன் எவ்வளவு பயங்கரமானவனாக இருந்தானோ, அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனான்.

மனக்குறை உள்ளவர்களையும் இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தில் சிவாஜி தேசத்தையே விற்கிறான், ஆனால் அவனுடைய கண்டுபிடிப்பை அரசாங்கம் மதிக்காமல் திருப்பி அனுப்பியது நமக்குத் தெரியும். பாதி மனம் அங்கேயே அவனை மன்னித்துவிடுகிறது. ‘படையப்பா’ படத்தின் நீலாம்பரியின் கதையும் அப்படித்தான். பதினெட்டு ஆண்டுகள் ஓர் அறைக்குள் அடைந்துகிடந்தவளைக் கெட்டவள் என்று சொல்ல வாய் வருவதில்லை, வைராக்கியக்காரி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இப்போது நீ விட்டுவிட்ட ஒருவனிடம் வருகிறேன். 1995இல் வசந்த் இயக்கிய ‘ஆசை’யை மறுபடி பார். பிரகாஷ்ராஜ் நடித்த மேஜர் மாதவனுக்குக் குறையும் இல்லை, வறுமையும் இல்லை, யாரும் அவனை அவமதிக்கவும் இல்லை. ராணுவ அதிகாரி, பேச்சில் மரியாதை, மாமனார் அவனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார். மனைவியின் தங்கை மீது ஆசை வந்துவிட்டது என்பதற்காக, மனைவியின் முகத்தை பாலித்தீன் பையால் மூடிக் கொல்கிறான். கொலையைவிட என்னை உலுக்கியது அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் நடந்துகொள்ளும் விதம்தான். துக்கத்தில் இருக்கும் மாமனாருக்கு ஆறுதல் சொல்கிறான், கொழுந்தியாளின் நலனில் அக்கறை காட்டுகிறான், அவள் விரும்பும் பையனை ஒவ்வொரு முறையும் மாமனாரின் கண்ணில் அயோக்கியனாக்குகிறான். எல்லாவற்றையும் நிதானமாக, குரலை உயர்த்தாமல் செய்கிறான். மூத்த மகள் இறந்துவிட்டால் இளையவளை அதே மாப்பிள்ளைக்குக் கொடுப்பது நம் குடும்பங்களில் புதிதல்ல. பெரியவர்கள் அதை ஒரு நல்ல காரியமாகவே பேசுவார்கள். ஆகவே மாதவன் ஒளிந்துகொள்ளக் காட்டையோ குகையையோ தேடவில்லை. மாப்பிள்ளை என்ற சொல்லுக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கயவர்கள் பார்ப்பதற்கு மனிதர்களைப் போலவே இருப்பார்கள், இப்படியொரு ஒப்புமையை நான் வேறெங்கும் கண்டதில்லை என்று வள்ளுவர் வியந்ததை, பள்ளியில் படித்தபோது ஏதோ நகைச்சுவை என்று நினைத்திருந்தேன். அந்தப் படம் பார்த்துவிட்டு வந்த இரவு என் மனைவி வாசற்கதவின் தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபார்த்தாள். அந்த மாதிரி ஆளைத் தாழ்ப்பாள் தடுக்காது என்று நான் சொல்லவில்லை.

மாதவனுக்கு எத்தனையோ முறை திரும்பிப் போக வழி இருந்தது. அவசரம் இல்லை, நெருக்கடி இல்லை, பழிவாங்க வேண்டிய கணக்கும் இல்லை. கதவு திறந்தே இருக்க, போதிய அவகாசமும் இருக்க, அவன் திரும்பவில்லை. முழுத் தீமையை நான் அளக்கும் கோல் இதுதான்; எத்தனை பேரைக் கொன்றான் என்ற கணக்கு எனக்கு உதவுவதில்லை.

பின்னால் வந்தவர்கள் எல்லாரும் தோற்றுப்போகும் கதாநாயகர்கள்தாம் என்ற உன் தீர்ப்பின் பின்பாதிக்கு வருகிறேன். என் மகள் வயிற்றுப் பேரன் கல்லூரியில் சேர்ந்திருப்பதை முன்பே எழுதியிருந்தேன். அவனுடைய கைப்பேசியில் ‘மாமன்னன்’ படத்தின் ரத்னவேல் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைத்திருந்தான். பந்தயத்தில் தோற்றதற்காகத் தன் நாயையே அடித்துக் கொல்பவன் அந்த ரத்னவேல். பகத் பாசில் என்ற நல்ல நடிகர், பின்னணி இசை, மெதுவாக நடக்கும் நடை எல்லாம் சேர்ந்து, வெறுக்கப்பட வேண்டியவனை 2023இல் ஊரெங்கும் பையன்கள் வெட்டி ஒட்டிக் கொண்டாடும் நாயகனாக்கிவிட்டன. சிலர் சாதிப் பெருமைப் பாட்டுகளையும் சேர்த்து ஒட்டினார்கள் என்பது கூடுதல் வேதனை. ‘தனி ஒருவன்’ சித்தார்த் அபிமன்யுவும் இந்த வரிசைதான். பதினைந்து வயதில் செய்யாத கொலையைத் தலையில் ஏற்று, அதற்கு விலையாகத் தகப்பனுக்குச் சட்டமன்ற இடம் கேட்கிறவனின் சாமர்த்தியத்தைக் கண்டு நாம் கைதட்டிவிடுகிறோம். கைதட்டிய பிறகு வெறுப்பது கடினம். இதில் புதுமை ஒன்றும் இல்லை. கம்பன் இராவணனுக்கு மலையை எடுத்த தோளையும், நாரதர் மெச்சும் இசையையும் கொடுத்து, அத்தனையையும் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஊருக்குள் நுழைய வைத்தபோது, நாம் அவனுக்காக இரக்கப்பட்டோம் அல்லவா? பேரனிடம் இந்த ஒப்புமையைச் சொன்னேன். ‘அப்படியானால் நான் செய்ததில் தப்பில்லையே, தாத்தா’ என்றான். இந்த ஒரு பதிலுக்கு எனக்கு இன்னும் மறுமொழி கிடைக்கவில்லை.

கடைசியாக, உன்னிடம் கேட்டுத் தெளிய வேண்டிய ஒன்று. 2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் ஒரு கிழவர் வருகிறார். வேட்டி, துண்டு, நிதானமான நடை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தால் நீயும் நானும் அவரிடம் மழையைப் பற்றிப் பேசியிருப்போம். சாதி மாறிக் காதலித்தவர்களைத் தேடிப் போய், விபத்து என்றும் தற்கொலை என்றும் தோன்றும்படி கொல்வது அவர் தொழில். தொழில் என்று எழுதியது தவறு, அவர் அதைக் குலசாமிக்குச் செய்யும் ஊழியமாக நினைக்கிறார். அவருக்குக் கோபம் இல்லை, ஆசை இல்லை, இலாபமும் இல்லை. இறுதியில் தன் காரியம் கைகூடாமல் போனதும், தானே தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்துவிடுகிறார். தான் நம்பியதைத் தன் மீதும் செலுத்திக்கொண்ட அந்தக் கணத்தில் அவர் முழுத் தீமையிலிருந்து ஒரு மயிரிழை விலகிவிட்டாரா, அல்லது அதுதான் முழுமையா? முதலில் பார்த்தபோது விலகிவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது, அவர் சாவதற்குக் காரணம் கொன்றவர்களை நினைத்து வந்த வருத்தம் அல்ல, ஒருவனைக் கொல்ல முடியாமல் போன அவமானம் என்று பட்டது. மூன்றாம் முறை பார்த்தபோது என் கவனம் அவரை விட்டே நகர்ந்து, அவரிடம் போய்க் காரியத்தைச் சொல்லிவிட்டு வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுத்திருக்கக் கூடியவர்கள் மீது போயிற்று. அவர்கள் படகில் உட்கார்ந்திருந்தவர்கள்.

பொங்கலுக்கு நீ வருவதாக எழுதியிருப்பது உறுதிதானே? பேரன் உன்னோடு வாதாடக் காத்திருக்கிறான். நம்பியார் கட்சி சார்பில் நீ பேசு. நான் நடுவில் உட்கார்ந்து காபி ஆற்றித் தருகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்