சார்ட் அவுட்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேரத்துக்குத் தூங்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும்.

உன் செய்தி வந்து 20 நாள் ஆகிறது. ‘சில திங்ஸ் சார்ட் அவுட் பண்ண வேண்டியிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன்.’ அவ்வளவுதான். நான் பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை, அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா சிரித்தார். சிரிக்கட்டும்.

சார்ட் வேறு, சார்ட் அவுட் வேறு. துவைக்கிற துணியில் வெள்ளை தனி, வண்ணம் தனி என்று பிரித்துப் போட்டால் அது சார்ட். அதில் யாருக்கும் மனக்கஷ்டம் கிடையாது. பின்னால் ஒரு அவுட் ஒட்டிக்கொண்டால், எங்கேயோ சிக்கல், அதைத் தீர்க்கப் பார்க்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். நீ வெறும் சார்ட் என்று எழுதியிருந்தால், பிள்ளை அலமாரியைக் கலைத்துப் போட்டிருக்கிறான் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த அவுட்டுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது. லத்தீனில் சீட்டுக் குலுக்கிப் போடுகிற சீட்டுக்கு சார்ஸ் என்று பெயராம், அதிலிருந்து வந்த சொல். தலையெழுத்து என்றும் அதற்குப் பொருள் உண்டு. இதை வாசித்தது தப்பாகிவிட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃபைல் பண்ணுவது ஒன்றுதான். 26 வருஷம். காகிதத்தின் இடது மூலையில் துளை போட்டு, டேகின் தகர முனையைக் கீழிருந்து விட்டு, இழுத்து முடிச்சுப் போட்டால் அது பாட்டுக்கு இருக்கும். ஃபைல் என்ற சொல்லுக்கு மூலம் ஃபீலும், லத்தீனில் நூல் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் காகிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்ததால் அந்தப் பெயர். அது தெரியாமலேயே அத்தனை வருஷம் கோத்திருக்கிறேன் பார். ஆனால் ஃபைல் பண்ணியதால் எதுவும் தீர்ந்துவிடாது, கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான். மாமா விஷயத்தை நாம் அப்படித்தான் வைத்தோம். நீயும் எதையாவது கோத்து மூலையில் போட்டுவிடாதே.

அரேஞ்ச் என்றால் இருப்பதை இடம் பார்த்து வைப்பது. ஆர்கனைஸ் அதற்கும் மேலே. உடம்பில் உறுப்புகள் மாதிரி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து வேலை செய்யும்படி அமைப்பது. இரண்டிலும் நீ கெட்டிக்காரன். வீடு மாறியபோது பெட்டிக்குப் பெட்டி லேபிள் ஒட்டி, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதினாயே, ஒரு பெட்டிகூடத் தடம் மாறவில்லை. இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனுக்கு அம்மாவுக்கு ஒரு வரிக்கு மேல் எழுத நேரமில்லை.

கிளாசிஃபைடு என்ற சொல்லைப் பார்த்தாயா? அரசாங்கக் காகிதத்தில் இருந்தால் யாரும் பார்க்கக்கூடாத இரகசியம், செய்தித்தாளில் வந்தால் எல்லோரும் படிக்கிற வரி விளம்பரம். உன் விஷயம் எந்த வகை என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்றும் இல்லை. தூங்குகிறாயா என்று மட்டும் சொல்.

கேட்டகரைஸ் பக்கத்துக்கு வந்தபோதுதான் ஆடிப்போனேன். அதன் கிரேக்க மூலச்சொல்லுக்குக் குற்றம் சாட்டுவது என்று பொருள். அதுவும் சபையில், நாலு பேர் முன்னால். வகை என்கிற அர்த்தத்துக்கு வழி வைத்தது அரிஸ்டாட்டில் என்று போட்டிருந்தது. அகராதியை மூடிவிட்டேன்.

‘பெரியது படிப்பு, சின்னது விளையாட்டு.’ வீட்டுக்கு யார் வந்தாலும் இதைத்தானே சொல்வேன்? நீ கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். இங்கிலீஷில் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தேன் என்றால் இன்டு போடுவார்கள். இவன் இப்படிப்பட்டவன் என்று வகைப்படுத்தினால் ஆஸ். நான் போட்டது ஆஸ். கணக்கில் நீ முதல் மார்க் வாங்கி வந்த அன்றும், ‘இவனா?’ என்றுதான் வாயில் வந்தது. அக்கா வாங்கியிருந்தால் கேட்டிருப்பேனா? அதற்கப்புறம் மார்க் ஷீட்டை அப்பாவிடமே நீட்டினாய். நான் கவனித்தேன். கவனித்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளையாட்டுப் பிள்ளை, இதெல்லாம் அவனுக்கு உறைக்காது என்று அதையும் அதே வகையில் போட்டுவிட்டேன். இப்போது நீ என்னிடம் எதையும் சொல்வதில்லை என்று யாரிடம் குறைபடுவது?

சரி, வேறு ஒன்று. பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நீ காட்டிக்கொடுத்த மாதிரி கட்டம் கட்டமாகப் பட்டியல் போட்டேன். ‘2 வயது’, ‘5 வயது’, ‘10 வயது’ என்று அடித்துவிட்டு சார்ட் கொடுத்தால், 10 வயது முதலில் போய் உட்கார்ந்துகொண்டது, 2 வயது அதற்குக் கீழே. எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கிறது, 2-க்கு முன்னால் 1 என்று அக்கா சொன்னாள். மாற்றித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். பட்டியலைத் திறந்ததும் மார்க் ஷீட் வாங்கிய வருஷத்துப் போட்டோதான் முதலில் வருகிறது. இருக்கட்டும்.

விளக்கை அணைத்துவிட்டு நேரத்துக்குப் படு. போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், எந்நேரமானாலும் எடுப்பேன். திங்ஸ் என்று எழுதினாயே, அது எத்தனை என்று மட்டுமாவது சொல்.

அம்மா