"அப்போ எனக்கு இருக்கிறது என்னக்கா?"

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன தை மாதம் மாம்பலத்தில் ஒரு மண்டபத்தில் எங்கள் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. என் தம்பியும் வந்திருந்தான். அவன் விசேஷம் என்று ஒன்றுக்கு வந்தே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண், "எனக்குப் பயங்கர ஓசிடி. கிச்சன்ல டப்பா எல்லாம் வரிசையா இல்லேன்னா தூக்கமே வராது" என்றாள். "எனக்கும்தான்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மேஜை மேல் இருந்த இடது கையை மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டான்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சோப்பும் தண்ணீரும் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். மார்கழிப் பனியில் ரத்தம் கசியும். ஓசிடியைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று சொல்கிறார்கள். வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற நோய். அவனுக்கு 19 வருஷமாக இருக்கிறது. ஒருமுறை அரசுத் தேர்வு எழுதக் கிளம்பியவன், பூட்டை இழுத்துப் பார்ப்பதும் நான்கு படி இறங்கித் திரும்பி வருவதுமாக, தேர்வு ஆரம்பித்த பிறகும் எங்கள் வாசலிலேயே நின்றிருந்தான். கன்னமெல்லாம் வியர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. "பூட்டியிருக்குன்னு தெரியுதுக்கா. மனசுதான் விட மாட்டேங்குது" என்றான். டப்பாவை வரிசையாக வைத்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு திருப்தி வருகிறது. இவனுக்கு எத்தனை முறை கழுவினாலும் அந்தத் திருப்தி வருவதில்லை. நோயே அதுதான். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படிப் போகிறதா என்பது மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல்களில் ஒன்று. மோசமான நாட்களில் இவனுக்குக் காலை முழுக்கவே போய்விடும்.

வளைகாப்பு முடிந்து மின்சார ரயிலில் திரும்பினோம். மாம்பலத்திலிருந்து சைதாப்பேட்டை அடுத்த ஸ்டேஷன்தான். இறங்கும்போது கேட்டான்: "எல்லாருக்கும் ஓசிடி இருக்குன்னா, அப்போ எனக்கு இருக்கிறது என்னக்கா?" எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் தலைமுறை பேசியது இதைவிடக் கொடுமை. 'மெண்டல்', 'லூசு', 'இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்' என்று சொல்லிச் சொல்லியே, 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் பேட்டையின் பெயரையே வசவாக்கி வைத்தோம். தம்பியின் மாத்திரைகளை அம்மா பல வருஷம் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், யார் கண்ணிலும் படக்கூடாது என்று. இன்றைக்கு ஆபீஸில் ஒரு பிள்ளை, "சாயங்காலம் தெரபிஸ்ட்டைப் பார்க்கப் போகிறேன்" என்று கூச்சமில்லாமல் சொல்கிறபோது மனசு நிறைகிறது. அந்தத் தைரியம் வேண்டும். ஆனால் அதோடு சேர்ந்து சொற்களும் இறைபட ஆரம்பித்துவிட்டன. மூட் மாறினால் 'பைபோலார்' (இருமுனை மனநோய்). பிடிக்காத மேனேஜர் 'நார்சிசிஸ்ட்' (தன்னையே பெரிதாக நினைக்கும் கோளாறு உள்ளவர்). மேட்ச் தோற்றால் 'டிப்ரஷன்' (மனச்சோர்வு நோய்).

பக்கத்து வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் சண்டை. பால் பாக்கெட் வாங்கச் சொன்னதா இல்லையா என்பதுதான் விஷயம். "கேஸ்லைட் பண்ணாதம்மா" என்று மகள் கத்தினாள். கேஸ் அடுப்பைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து அந்தம்மா அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தச் சொல், 1938-இல் இங்கிலாந்தில் அரங்கேறிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்ப வைக்கப் பார்க்கிற கணவனின் கதை. எங்கள் தெருவிலேயே அப்படி ஒருத்தி வாழ்ந்தாள். பீரோ சாவியைப் புருஷனே எடுத்து ஒளித்துவிட்டு, நீதான் தொலைத்தாய் என்று சாதிப்பான். கடைசியில் அவள் பால் கணக்கைக்கூட என்னிடம் வந்து, "நான் சரியாத்தான் கூட்டியிருக்கேனா?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள். அவளுக்கு வேண்டிய சொல் அது. பால் பாக்கெட் சண்டைக்கு, 'நீ பொய் சொல்றே' போதுமே.

'ட்ரிக்கர்' என்பதும் இப்படித்தான். பட்ட காயத்தின் பயத்தை மறுபடி கிளப்பிவிடுகிற விஷயத்துக்கான சொல் அது. இப்போது சின்ன எரிச்சலுக்கெல்லாம் அதைச் சொல்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்த ராத்திரியை எங்கள் பகுதி மறக்கவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பாட்டி, இன்றைக்கும் ராத்திரி மழை வலுத்தால் எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறார். விடியும்வரை இறங்க மாட்டார். அவருக்கு வேண்டிய சொல் அது.

நமக்கு வார்த்தைக்கா பஞ்சம்? எரிச்சல், சலிப்பு, விரக்தி, மனத்தாங்கல், ஆற்றாமை, மனசு பாரமா இருக்கு, ஒண்ணுமே ஓடலை என்று எத்தனை இருக்கின்றன. அதையெல்லாம் சொன்னால் கேட்கிறவருக்கும் என்ன செய்வதென்று புரியும்.

இதில் ஒரு பயமும் இருக்கிறது. தினமும் பத்துப் பேர் டிப்ரஷன் என்று சொல்லிக் கேட்ட காதுக்கு, பதினோராவது ஆள் நிஜமாகவே சொல்லும்போது அது விழாது. அதனால் யார் சொன்னாலும் சிரித்துத் தள்ளாமல், "எத்தனை நாளா இப்படி? தூக்கம் வருதா? சாப்பிடுறியா?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உடனே பேச ஆள் இல்லையென்றால் மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

அப்புறம், உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சில வாரங்களுக்கு முன் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், 'டிப்ரஷனில் ரசிகர்கள்' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். 'சோகத்தில் ரசிகர்கள்' என்றே போட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் காலையில் முதல் ஆளாகப் பேப்பரை எடுத்துக் கடைசிப் பக்கம்வரை படிப்பவன் என் தம்பிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு சைதாப்பேட்டை, சென்னை-15.