எந்தப் பூவன்?

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள சேகர்,

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை. காரணம் உனக்கே தெரியும். நான் திருச்சூருக்கு அனுப்பிய வாழைக்கன்றுகள் தார் போட்டதும், உன் மாமியார் பார்த்துவிட்டு "இது பூவன் இல்லை, பாளையங்கோடன்" என்று சொன்னதாகப் போனில் சொன்னாயே, அன்றைக்கு எனக்குப் பேச்சே வரவில்லை. ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாய்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கலா பிளஸ் டூ தேறிவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஏமாற்றவில்லை சேகர். நம்மூரில் அது பூவன்தான். அங்கே பூவன் என்றால் நம் ரஸ்தாளி. நம் பூவனுக்கு அங்கே பேர் பாளையங்கோடன். கல்யாணத்துக்கு அப்புறம் மலையாளத்திலேயே கனவு காண்கிறவன் நீ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் "எந்தப் பூவன்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் விட மனசு வரவில்லை. தேடத் தேட வந்துகொண்டே இருக்கிறது. நம் பூவனை வாழை ஆராய்ச்சிக்காரர்கள் 'மைசூர்' என்கிறார்கள். மலேசியாக்காரர்களுக்கு அதுவே 'பீசாங் சிலோன்'. ஆனால் ரஸ்தாளி அங்கேயும் 'பீசாங் ரஸ்தாளி'! எனக்கு என்னவோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. நெல்லிலும் இதே கதைதான். காட்டுமன்னார்கோயில் சித்தப்பா போடுகிற 'ஆயிரத்தொம்பது' இருக்கிறதே, சி.ஆர். 1009, அது ஒடிசாவின் கட்டாக்கில் சாவித்திரி. நம்மிடம் வந்து பொன்மணி ஆகிவிட்டது.

பயிர் ரகங்களுக்குப் பேர் வைக்க உலகத்துக்குப் பொதுவான விதிநூல் ஒன்று 1953-லேயே வந்திருக்கிறது. ரகத்தின் பேரை ஒற்றை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். வேறு எழுத்தில் எழுதலாம், மொழிபெயர்க்கக் கூடாது. 1959-லிருந்து புது ரகத்துக்கு லத்தீன் பேரும் கூடாது. அதற்கு முன்னால் பார், பிரான்சில் 'மதாம் ஏ. மெய்யான்' என்று பேர் வைத்த ரோஜாவை ஜெர்மனியில் ஒரு பேரிலும் அமெரிக்காவில் 'பீஸ்' என்றும் விற்றார்கள். விதி நல்ல விதிதான். ஆனால் உனக்கும் எனக்கும் நடந்தது வேறு. ஒரே பேர், இரண்டு வாழை. இரண்டு ஊரும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் கூப்பிடுகின்றன. இதில் எந்த ஊரைத் தப்பு என்று சொல்வது?

நம்மூர்க் கரும்பு கோ.சி. 671-க்கு இந்தக் குழப்பமே கிடையாது. கோ என்றால் கோயம்புத்தூர், சி என்றால் கடலூர். எந்த மொழியில் எழுதினாலும் மாறாது. ஆனால் வாழையை எண் சொல்லிக் கூப்பிட எனக்கு மனசு வராது. பாளையங்கோடன் என்ற பேர் எவ்வளவு அழகு! அதை அழித்துவிட்டுப் பூவன் என்று எழுதினால் அது உன் மாமியாருக்குச் செய்கிற அநியாயம். அதனால் நர்சரியில் இப்போது தகடு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மேலே நம்மூர்ப் பேர், கீழே கேரளப் பேர், ஆந்திரப் பேர், தெரிந்த வரைக்கும். பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே உங்கள் சந்தையில் என்னென்ன பேர் சொல்கிறார்கள் என்று மாமியாரிடம் கேட்டு எழுது. கட்டாயம் எழுது.

அடுத்த வாரம் ரஸ்தாளிக் கன்று ஆறு அனுப்புகிறேன். வாடல் நோய் சீக்கிரம் பிடிக்கும், வாழையே வைக்காத இடமாகப் பார்த்து நடு. பழையதை அடியோடு தோண்டிவிடாதே, பக்கக்கன்று ஒன்றாவது விட்டுவை.

உன்,
முருகேசன்