வரி குறைந்தால் போதாது, சான்றும் செல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைதூர நாடுகளுடன் இந்தியா செய்துகொள்ளும் வணிக உடன்பாடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆஸ்திரேலியாவுடனான உடன்பாடு 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளுடனானது 2025 அக்டோபரில் வந்தது. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையொப்பமாயிற்று. எந்தச் சரக்குக்கு எவ்வளவு சுங்கவரி குறைகிறது என்பதைக் கட்டுரையாளர்கள் நன்றாகவே விளக்குகிறார்கள். ஆனால் காரைக்குடியில் ஏற்றுமதி ஆவணங்கள் எழுதும் வேலையில் நெடுங்காலம் இருந்த எனக்கு, சரக்கு வரியால் நின்றதைக் காட்டிலும் சான்றிதழால் நின்றதே அதிகம் என்று தோன்றுகிறது.

மிளகாய் வற்றலையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பகுதி மசாலாவுக்குப் பக்கத்து மாவட்டத்து முண்டு மிளகாய் இல்லாமல் ஆகாது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மசாலாப் பொருள்கள் பலவற்றுக்கு ஐரோப்பாவில் சுங்கவரி முன்பிருந்தே இல்லை, அல்லது மிகக் குறைவு. அங்கே வழிமறிப்பது அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு. ஒரு கிலோ வற்றலில் அது மொத்தமாகப் பத்து மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நம் நாட்டில் அனுமதிக்கப்படும் அளவு அதைவிடக் கூடுதல். களத்தில் காயும் வற்றல் ஓர் இரவு பனியில் நனைந்தாலே பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும் என்பதால், அந்த விதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. உண்பவர் உடல்நலம் எந்த நாட்டிலும் உடல்நலமே. ஆனால் இங்கே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பணம் கட்டிச் சோதித்து, அரசின் சான்றும் இணைத்து அனுப்பிய சரக்கில் ஒரு பங்கை அங்கே துறைமுகத்தில் மறுபடியும் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். முடிவு வரும்வரை கிடங்கு வாடகை ஏறுகிறது. நூறு கொள்கலன் அனுப்பும் நிறுவனம் அதைத் தாங்கும். சில பெண்கள் சேர்ந்து மசாலா அரைத்துப் பொட்டலம் போடும் குழு தாங்காது.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து உலகின் மறுகோடியில் உள்ள நியூசிலாந்து, 1996இலேயே ஐரோப்பிய ஒன்றியத்துடன் கால்நடைப் பொருள்களுக்கென்று தனி உடன்பாடு செய்துகொண்டது. என் நாட்டு ஆய்வு முறை உன் நாட்டு முறைக்கு ஈடானது என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டதால், அங்கிருந்து வரும் ஆட்டிறைச்சியில் மிகச் சிறிய பங்கே எல்லையில் சோதிக்கப்படுகிறது. இரு நாடுகளின் சட்டங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. அடையும் பாதுகாப்பு ஒரே தரத்தில் இருந்தால் போதும். உலக வணிக அமைப்பின் உணவுப் பாதுகாப்பு உடன்பாடும் நான்காம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது. இத்தகைய ஏற்பு பல ஆண்டுகள் அதிகாரிகள் போய் வந்து, ஒருவர் ஆய்வகத்தை மற்றவர் பார்த்துத் தேறியபின் கிடைப்பது. கையொப்ப விழாவின் புகைப்படத்தில் அது தெரியாது.

எங்கள் ஊருக்கு இது புதிய செய்தியும் அன்று. ரங்கூனில் தொழில் நடத்திய நகரத்தார்கள் அங்குள்ள கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். கடை வெவ்வேறாக இருந்தாலும் கணக்கு அந்த வட்டியை ஒட்டியே ஓடும். கடலுக்கு அக்கரையிலும் இக்கரையிலும் ஒரே வகைப் பேரேடு இருந்ததால்தான் ஒருவர் எழுதிய உண்டியல் என்னும் பணச்சீட்டு இன்னொருவர் கடையில் பணமானது.

பேச்சில்லாமல் விதி மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதை நெசவும் தோலும் 1990களில் கண்டன. துணிக்கும் தோலுக்கும் நிறமேற்றும் செயற்கைச் சாய வகையான அசோ சாயங்களில் சிலவற்றை ஜெர்மனி 1994இல் தடை செய்தபோது, தமிழகத்துச் சாயப்பட்டறைகளும் தோல் தொழிலும் அவசர அவசரமாக மாற்றுச் சாயம் தேட வேண்டியிருந்தது. கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கு இன்றும் நூலோடு சாயச் சான்றும் தேவைப்படுகிறது. இத்தனைக்கும் உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகள் புதிய தொழில்நுட்ப விதிகளை முன்கூட்டியே அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். அதற்கு 60 நாள்கள் அவகாசம் தருவது வழக்கம். அந்த அறிவிப்புகள் ஆங்கிலத்தில் இணையத்தில் கிடக்கின்றன. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அவற்றைப் படித்துக் கருத்து எழுதியவர் எவரையும் நான் கண்டதில்லை.

குறை முழுவதும் எதிர்த்தரப்பில் என்றும் சொல்ல முடியாது. பொம்மைகளில் தொடங்கிப் பல பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையை நாமும் கட்டாயமாக்கியிருக்கிறோம். வெளிநாட்டு ஆலையை நம் அதிகாரிகள் நேரில் பார்த்த பின்பே உரிமம் தருகிறோம். அவர்கள் சான்றை நாம் ஏற்கத் தயங்கும்போது, நம் சான்றை அவர்கள் ஏற்க வேண்டும் என்று கேட்கும் குரல் வலுவிழக்கிறது.

ஆகவே, இனி வரும் பேச்சுவார்த்தைகளில் மசாலா, பலகாரம், கைத்தறி ஆகியவற்றுக்கான சோதனைச் சான்றுகளைப் பரஸ்பரம் ஏற்பதற்குக் காலவரையறையுடன் கூடிய அட்டவணையை ஒன்றிய அரசு கேட்டுப் பெற வேண்டும். நறுமணப் பொருள்கள் வாரியமும் மாவட்டத் தொழில் மையமும் அந்த 60 நாள் அறிவிப்புகளில் எங்கள் பகுதிக்கு உரியவற்றைத் தமிழில் சுருக்கி அனுப்ப வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் மாதிரி பெற்று ஆய்வகத்துக்கு அனுப்பும் மையம் ஒன்றும் வேண்டும். தாங்களும் அடுத்த உடன்பாட்டைப் பற்றி எழுதும்போது, வரி அட்டவணைக்குப் பின்னால் வரும், சோதனை, சான்று போன்ற தொழில்நுட்பத் தடைகள் பற்றிய அத்தியாயத்துக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.