சம்பளக்காரருக்கு இருக்கும் 75,000 ரூபாய் கழிவு வீட்டில் தொழில் செய்பவருக்கும் வேண்டும்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் ஒரு பெண்,
மணப்பாறை, திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மத்திய நேரடி வரிகள் வாரியம்,
நிதி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்குப் பயன்படுத்துபவர்களுக்கு, ரசீது கேட்காமல் ஆண்டுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு (வரி போடுமுன் வருமானத்தில் குறைத்துக்கொள்ளும் தொகை) வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 12 வருடமாக வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறேன். எங்கள் ஊர் முறுக்குக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த முறுக்கில் பெரும்பங்கு தொழிற்சாலையில் சுடுவது இல்லை ஐயா, என்னைப் போன்ற பெண்கள் வீட்டுச் சமையலறையிலும் பின்கட்டிலும் சுடுவதுதான். நான் ஆரம்பத்திலிருந்து வருமான வரிக் கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்து வருபவள். அந்தக் கணக்கில் ஒரு செலவை மட்டும் இத்தனை வருடத்தில் ஒருமுறை கூட எழுத முடியவில்லை. அது நான் குடியிருக்கும் வீடு.

அரிசிக்கு பில் இருக்கிறது, எண்ணெய் டின்னுக்கு இருக்கிறது, ஓமம், எள், பிளாஸ்டிக் கவர், கடை சிலிண்டர் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. ஆனால் தொழில் நடப்பது எங்கே? வாடகை வீட்டின் சரிபாதியில். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவைத்து, மறுபடி எண்ணெயில் போட்டு எடுக்கும்வரை சமையலறையில் வேறு யாரும் காலெடுத்து வைக்க முடியாது. பிள்ளைகள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள். அடுப்புக்கு மேல் சுவர் எண்ணெய்ப் புகையில் பழுப்பேறி, விரல் வைத்தால் பிசுக்கு ஒட்டும். ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் செலவில்தான் வெள்ளையடித்துக் கொடுக்கிறோம், இல்லையென்றால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். இவ்வளவும் தொழில் செலவு இல்லை என்று ஆகிவிட்டது.

சட்டம் தடுக்கவில்லை, அது எனக்கும் தெரியும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 30, 38ஆம் பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால், குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடந்தால் அந்தப் பகுதிக்கு உரிய வாடகையைக் கழிக்கலாம் என்றுதான் இருக்கிறது. எவ்வளவு என்பதை மட்டும் மதிப்பீட்டு அதிகாரி தீர்மானிப்பார். சரி, அதிகாரி முன்னால் நான் எதைக் கொண்டுபோய் வைப்பது? வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். வாடகை மாதம் 9,000 ரூபாய் ரொக்கம், ரசீது கேட்டால் அந்த வாடகையை அவர் தன் கணக்கில் காட்ட வேண்டிவரும் என்பதால் தர மாட்டார், ரொம்ப வற்புறுத்தினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். மின்கட்டணத்தைத் தொழில் செலவாக எழுதினால் வணிக இணைப்புக்கு மாறச் சொல்லிவிடுவார்களோ என்று இன்னொரு பயம். எனக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர் நல்ல மனிதர், அவர் சொன்னது இதுதான்: "நோட்டீஸ் வந்தால் காட்ட உங்களிடம் ஒரு காகிதம் கூட இல்லையேம்மா, விட்டுவிடுங்கள்." விட்டுவிட்டேன்.

விட்டதால் என்ன ஆனது என்பதை ஒரு வருடக் கணக்கை வைத்தே சொல்கிறேன். 2022-23ல், எல்ஐசி பிரீமியம் 60,000 கழித்தது போக, பழைய வரி முறையில் என் நிகர வருமானம் 5,58,000 ரூபாய். அப்போது 5 லட்சம் வரைதான் வரித் தள்ளுபடி, அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் தள்ளுபடி முழுவதும் போய்விடும். வரி மேல் போடும் செஸ்ஸோடு சேர்த்து 25,064 ரூபாய் கட்டினேன். அந்த வருடம் பாதி வீட்டுக்கு வாடகை 54,000, மின்கட்டணத்தில் தொழிலின் பங்கு இரண்டு மாதத்துக்கு 900 வீதம் 5,400, ஆக 59,400 ரூபாய். அதைக் கழித்திருந்தால் வருமானம் 4,98,600. வரி ஒரு பைசா இல்லை. அந்த 25,064 ரூபாயைச் சேர்க்க நான் எத்தனை கிலோ முறுக்கு சுட்டேன் என்பது என் இடுப்புக்குத் தெரியும்.

இப்போது 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லையே, அப்புறம் என்ன மனு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மனமார நன்றி, எனக்கு இப்போது வரி வரவில்லை என்பது உண்மை. ஆனால் வருமானம் என்று கணக்கில் ஏறும் எண் வரியோடு நிற்பதில்லை ஐயா. என் மகளுக்கு மத்திய அரசின் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வாங்கப் போனபோதுதான் இது எனக்கு உறைத்தது. கிரீமி லேயர், அதாவது வசதியானவர் என்று இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் வருமான வரம்பு 8 லட்சம், 2017லிருந்து அதேதான். அந்தக் கணக்கில் சம்பளத்தைச் சேர்ப்பதில்லை, விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை, தொழில் வருமானம் மட்டும் முழுசாக ஏறுகிறது. வேன் ஓட்டும் என் கணவரின் சம்பளம் கணக்கில் வரவில்லை, நான் அடுப்படியில் நின்று சம்பாதித்தது வந்தது, அது 8 லட்சத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பாதி வீட்டின் செலவு கழிந்திருந்தால் இந்தப் பதைப்பே எனக்கு இருக்காது.

8 சதவீதம் காட்டிவிட்டுப் போகலாமே என்றும் சொல்வார்கள். அதே 1961 சட்டத்தின் 44ஏடி பிரிவில், சிறு தொழில் செய்பவர் விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாகவோ யுபிஐயிலோ வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். ஆனால் அதைவிட அதிகம் சம்பாதித்தால் அதிகத்தைக் காட்ட வேண்டும் என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. கடை வாடகை இல்லாமல் வீட்டில் செய்யும் தொழிலில் என் கையில் நிற்பது 8 சதவீதம் இல்லை, அதைவிட நிறைய. பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. முன்பு ஒரே ஒரு வருடம் 8 சதவீதம் காட்டிய கணக்கை வைத்து மாவு பிசையும் இயந்திரத்துக்குக் கடன் கேட்டேன். இந்த வருமானத்துக்குத் தவணை கட்ட முடியாது என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையைக் காட்டினால் வீட்டுச் செலவுக்கு ரசீது இல்லை, குறைத்துக் காட்டினால் கடன் இல்லை. கமிஷனுக்கு வேலை செய்யும் காப்பீட்டு ஏஜென்ட்டுகள் பாடு இன்னும் மோசம், அவர்கள் வீட்டுத் திண்ணையைத்தான் அலுவலகமாக வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு 44ஏடி பிரிவே கிடையாது.

இனி, நான் கேட்பது புதுமையான ஒன்று இல்லை என்று காட்ட விரும்புகிறேன். அலுவலகம் போகிறவருக்கு 2018ல் 40,000 ரூபாய் நிலையான கழிவு கொடுத்தீர்கள், 2019ல் அது 50,000 ஆனது, 2024ல் புதிய முறையில் 75,000 ஆனது. அதற்கு யாரும் ஒரு ரசீதும் கேட்பதில்லை. அதனால்தான் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை, எங்களுக்கு 12 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. அவர் வேலை செய்யும் இடத்துக்கு முதலாளி வாடகை கட்டுகிறார், மின்விசிறிக்கும் விளக்குக்கும் முதலாளி கட்டுகிறார். எனக்கு நானே முதலாளி, நானே கட்டுகிறேன். அவருக்கு ரசீது வேண்டாம், எனக்கு மட்டும் ஏன் வேண்டும்?

உங்கள் வாரியமே இதைச் செய்திருக்கிறது. 1993ல் வந்த 648ஆம் எண் சுற்றறிக்கையில், கணக்குப் புத்தகம் வைக்காத, 60,000 ரூபாய்க்குக் குறைவாக கமிஷன் வாங்கும் எல்ஐசி ஏஜென்ட்டுகளுக்கு, முதல் வருடக் கமிஷனில் பாதியையும் புதுப்பித்தல் கமிஷனில் 15 சதவீதத்தையும், மொத்தம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், ரசீது இல்லாமல் கழிக்க அனுமதித்தீர்கள். சின்ன வருமானக்காரரிடம் ஒவ்வொரு பஸ் டிக்கெட்டையும் கேட்க முடியாது என்று அன்றைக்கு வாரியத்துக்குப் புரிந்திருந்தது. வெளிநாட்டில் இது சாதாரணம். அமெரிக்காவில் 2013லிருந்து வீட்டில் தொழில் நடக்கும் இடத்துக்கு சதுர அடிக்கு 5 டாலர் வீதம் 300 சதுர அடி வரை கழித்துக்கொள்ளலாம், டேப் வைத்து அளந்தால் போதும். இங்கிலாந்தில் வீட்டில் மாதம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதைப் பார்த்து 10, 18, 26 பவுண்டு என்று மூன்றே படி.

எல்லோரும் வீட்டில் தொழில் என்று எழுதிவிடுவார்கள் என்ற கவலை வாரியத்துக்கு இருக்கும், நியாயம்தான். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவிலும் உணவுப் பாதுகாப்புப் பதிவிலும் எங்கள் வீட்டு முகவரிதான் தொழில் முகவரியாக இருக்கிறது. தொழில் முகவரியும் குடியிருப்பு முகவரியும் ஒன்றாக இருப்பவருக்கு மட்டும் கொடுங்கள், வேறு இடத்தில் கடை வாடகை காட்டுபவருக்கு வேண்டாம். தையல், டியூஷன், கேக், ஆரி வேலை, ஊறுகாய் என்று எல்லாத் தொழிலும் இதில் அடங்கிவிடும்.

ஆகவே, 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று ஆகியிருக்கும் இந்த நேரத்தில், வீட்டில் தொழில் செய்யும் தனிநபருக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய் வரை, லாபத்துக்கு மிகாமல், ரசீது இல்லாத கழிவு ஒன்றை அடுத்த நிதி மசோதாவில் சேர்க்க அரசுக்குப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரைக்குமாவது, வாடகை ஒப்பந்தமோ மின் இணைப்போ குடும்பத்தில் இன்னொருவர் பெயரிலோ வீட்டு உரிமையாளர் பெயரிலோ இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுப் பங்குச் செலவை மறுக்கக் கூடாது என்றும், சதுர அடிக் கணக்கோடு நாங்கள் எழுதித் தரும் உறுதிமொழியை ஏற்க வேண்டும் என்றும் மதிப்பீட்டு அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சுற்றறிக்கைக்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, உங்கள் கையெழுத்து போதும்.

என் ஐந்து வருட வரித் தாக்கல் நகல்களையும், வீட்டை அளந்து போட்ட வரைபடத்தையும், அடுப்படிச் சுவரின் புகைப்படத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மணப்பாறையிலிருந்து வரி செலுத்துபவர் ஒருவர்.